கயிறு திரித்துவிட்டுப் படம் பாருங்கள்

வீடியோ கேம், பழைய சினிமா, கைவேலை ஆகிய மூன்றின் மேலும் ஒருசேர ஆசை வைத்திருப்பவர்களுக்கான அத்தியாயம் இது. இப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுடைய வாரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. வேலை முடிந்த இரவுகளில் கேம், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கைவேலை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஆசையாக வாங்கிய நூலும் ஊசியும் பிரிக்காத பையிலேயே கிடக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதே என் யோசனை. மூன்றில் கைவேலை முதலில் வரவேண்டும். ஒரு பொருளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தன் கையால் செய்து பழகியவருக்குப் பழைய படத்திலும் கேமிலும் புதிய விஷயங்கள் தென்படும். எது சுலபம், எது கடினம், செய்தவர் எங்கே திணறினார், எந்தத் தந்திரத்தால் தப்பித்தார் என்பது பிடிபட ஆரம்பிக்கும். அந்தப் பார்வை வந்துவிட்டால் மூன்று ஆசைகளும் ஒன்றுக்கொன்று தீனி போடும். இதைத் தொடங்குவதற்கு நான் பரிந்துரைக்கும் இடம் கும்பளங்கி.

கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த ஊர் அது. மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி, பள்ளுருத்தி, பெரும்படப்பு வழியாகப் போய்ப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். 2000களின் தொடக்கத்தில் இதை முன்மாதிரிச் சுற்றுலாக் கிராமமாகக் கேரளம் வளர்த்தெடுத்தது. சீனவலை இறக்குவது, நண்டு வளர்ப்பது, ஓலை முடைவது, கயிறு திரிப்பது என்று ஊரார் அன்றாடம் செய்யும் வேலைகளை வருகிறவர்கள் பார்க்கலாம், செய்தும் பார்க்கலாம். 2019 பிப்ரவரியில் மது சி. நாராயணன் இயக்கத்தில், சியாம் புஷ்கரன் எழுத்தில் 'கும்பளங்கி நைட்ஸ்' வெளியான பிறகு ஊரின் பெயர் தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் 'கவரு' தேடி வருகிறவர்கள்தான் அதிகம். கோடையில் காயல் நீரில் உப்பு ஏறும்போது பெருகும் நுண்ணுயிர்கள், நீர் அசைந்தால் நீலமாக ஒளிர்வதைத்தான் அங்கே கவரு என்கிறார்கள். மழை இறங்கினால் அது மங்கிவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நிலவில்லாத இரவாகப் பார்த்துப் போனால் காண வாய்ப்பு உண்டு. அதற்காகப் போவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கவரு நம் கையில் எதையும் தந்து அனுப்பாது. பகலில் இரண்டு மணி நேரம் கயிற்றோடு உட்கார்ந்துவிட்டு இரவில் படகு ஏறுங்கள்.

கயிற்றை ஏன் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன் என்றால், கருவி ஏதும் இல்லாமல் தொடங்கலாம். பிழை செய்தால் அடுத்த நொடியே தெரிந்துவிடும். முதலில் மூலப்பொருளைப் புரிந்துகொள்ளுங்கள். நன்றாக முற்றிக் காய்வதற்கு முன் பறித்த தேங்காயின் பச்சை மட்டையைக் காயலின் உப்புநீரில் ஆறு முதல் பத்து மாதம்வரை ஊறப்போடுவது கேரளத்தின் பழைய முறை. நாரையும் அதனிடையே இருக்கும் தூளான சோற்றையும் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை நீரிலுள்ள பாக்டீரியாக்கள் அந்த மாதங்களில் தின்று தீர்க்கின்றன. ஊறல் பக்கம் போனால் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடால். ஊறிய மட்டையைத் தட்டிச் சோற்றை உதிர்த்தால் பொன்னிறத்தில் மெல்லிய நார் கிடைக்கும். பொள்ளாச்சிப் பக்கம் இயந்திரத்தில் உரித்தெடுக்கும் பழுப்பு நார் இதைவிட முரடு. இன்று கேரளத்தின் கயிற்றுத் தொழிலுக்கே தமிழ்நாட்டு நார் பெருமளவில் போகிறது. இரண்டிலும் ஒரு பிடி வாங்கிக் கையில் உருட்டிப் பாருங்கள். பாக்டீரியாவும் காத்திருப்பும் செய்த வேலை எது, இயந்திரமும் அவசரமும் செய்த வேலை எது என்று விரல் சொல்லிவிடும். 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் தொடங்கிய தொழிற்சாலை முதல், 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகிக் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கயிறு வாரியம் வரை, இந்தக் கரையோரத்தின் வாழ்வு இந்த நாரைச் சுற்றித்தான் சுழன்றிருக்கிறது.

இனி திரிப்பது. ராட்டில் திரிக்கும்போது ஒருவர் சக்கரத்தைச் சுற்றுவார். இடுப்பில் நார்க்கட்டைச் செருகிக்கொண்ட மற்றவர்கள், ராட்டின் கொக்கியில் நுனியை மாட்டி, விரலிடுக்கில் நாரை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார்கள். இப்படி நீளும் இரண்டு இழைகளை ஒன்றாகப் பிணைத்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. ராட்டு இல்லாமல் வீட்டில் பழகுவதற்கும் இதே விதிதான். ஒரு பிடி நாரில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, இரண்டு கற்றையாகப் பிரித்து, இரண்டையும் உள்ளங்கையில் ஒரே திசையில் முறுக்குங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்த்திசையில் சுற்றுங்கள். முறுக்கிய ஒவ்வொரு இழையும் பிரிந்துகொள்ளத்தான் துடிக்கும்; ஆனால் அது பிரிய முயலும் திசையிலேயே மொத்தக் கயிறும் இன்னும் இறுகுகிறது. அதனால்தான் பசையோ முடிச்சோ இல்லாமல் கயிறு நிற்கிறது. கையை விட்டதும் அவிழ்ந்துபோனால் முதல் முறுக்குப் போதவில்லை. தானாகச் சுருண்டு மடிந்தால் அது மிகுந்துவிட்டது. புது நார் சேர்க்கும்போது இரண்டு இழைகளிலும் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள். அந்த இடத்தில்தான் கயிறு அறும். இரண்டு மணி நேரத்தில் ஒருவர் திரிப்பது ஒரு முழமோ இரண்டு முழமோதான் இருக்கும், அதுவும் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும். அது போதும். இழை சீராக வருவது எவ்வளவு கடினம் என்பது உடம்பில் பதிந்துவிட்டது. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியதும் அந்தப் பதிவுதான்.

அன்றிரவே ஒரு பழைய படம் பாருங்கள். நான் சொல்வது 1957இல் கே.வி. ரெட்டி இயக்கிய 'மாயா பஜார்'. தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்ட அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. அதில் வரும் துவாரகை நகரம், சுமார் 300 சிறு வீடுகளைச் செய்து அடுக்கி உண்டாக்கியது. படகில் போகும் பாட்டில் தெரியும் நிலவொளி, விளக்குகளை வைத்துப் பார்ட்லி கட்டியெழுப்பியது. கடோற்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமே பறந்து வாய்க்குள் போகும் காட்சியை யாரும் மறப்பதில்லை. சாதாரணமாகப் பார்ப்பவர் அதை ரசித்துச் சிரிப்பார். கயிறு திரித்த கை உடையவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்: இந்த லட்டு எத்தனை தடவை தவறியிருக்கும்? படம் எடுக்கும்போதே ஒவ்வொரு அசைவும் கேமராவுக்குள் பதிந்தாக வேண்டிய காலம் அது; பிறகு கணினியில் திருத்திக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு சட்டகத்தின் பின்னாலும் யாரோ ஒருவர் கையில் எதையோ பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நின்றிருக்கிறார். காட்சியை ஒலி இல்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு நடிகர்களை விட்டுவிட்டுச் சட்டகத்தின் ஓரங்களை மட்டும் கவனியுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, சிறு வீடுகளின் கூரை எந்தத் தூரத்தில் மங்கலாகிறது, பின்னணித் திரை எங்கே முடிகிறது என்று தேடுங்கள். இணைப்புத் தெரிந்தால் படம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கயிற்றில் புது நார் சேர்த்த இடம் போன்றதுதான் அதுவும்.

இதே பார்ட்லிதான் எட்டு ஆண்டுகள் கழித்து, ராமு காரியாட் இயக்கிய 'செம்மீன்' படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தார். தகழியின் நாவலிலிருந்து உருவாகி 1965இல் வந்த அந்தப் படம், தென்னிந்தியப் படங்களில் முதலாவதாகக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. ஸ்டுடியோவுக்குள் நிலவைச் செய்தவர் இங்கே நிஜக் கடலுக்கும் நிஜ மணலுக்கும் முன்னால் நிற்கிறார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது இந்த அத்தியாயத்தின் முக்கியமான பயிற்சி. முதல் படத்தில் வெளிச்சம் முழுக்க அவர் சொற்படி கேட்கிறது. இரண்டாவதில் சூரியன் கேட்காது. காத்திருந்து பிடிக்க வேண்டும். பொருள் வளைந்துகொடுக்கும் வேலைக்கும், பொருளுக்கு நாம் வளைந்துகொடுக்கும் வேலைக்கும் உள்ள வேறுபாடு, நாரைக் கையில் பிடித்தவருக்கு விளக்கம் சொல்லாமலே விளங்கும். இதை முடித்துவிட்டுக் 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தை மறுபடி போட்டு, அதன் ஒளிப்பதிவாளர் ஷைஜு காலித் காயலின் வெளிச்சத்தை எந்த நேரங்களில் பிடித்திருக்கிறார் என்று கவனியுங்கள். முதல் தடவை கதைக்காகப் பார்த்தபோது தப்பிப்போனவை வரிசையாகத் தட்டுப்படும்.

கேமுக்கு வருவோம். இங்கேதான் பலரும் தயங்குவார்கள்: திரையில் பொத்தானை அழுத்துவதற்கும் கைவேலைக்கும் என்ன உறவு? உறவு தொழிலின் வேரிலேயே இருக்கிறது. நின்டெண்டோ நிறுவனம் 1889இல் கியோட்டோ நகரில் பிறந்தது, ஹனஃபுடா என்ற பூச்சீட்டுகளைக் கையால் செய்து விற்பதற்காக. அதே நிறுவனத்துக்காக 1981இல் 'டாங்கி காங்' கேமை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோ, பிற்காலத்தில் மாரியோ என்று உலகம் அழைத்த ஆளுக்கு மீசை வைத்தது, சில புள்ளிகளுக்குள் வாயை வரைய இடமில்லாததால். தலைமயிரை அசைக்க வழியில்லை என்பதால் தொப்பி. கை வீசுவது தெரிய வேண்டும் என்பதால் உடலிலிருந்து கையைப் பிரித்துக்காட்டும் உடை. கட்டங்களுக்குள் நிற்கும் இந்த நெருக்கடி, புள்ளிக்கோலம் போடுகிறவருக்கும் குறுக்குத்தையல் போடுகிறவருக்கும் பழகிய ஒன்று. வரைபடத் தாளில் பதினாறுக்குப் பதினாறு கட்டம் போட்டு, மூன்றே நிறங்களில், உங்களுக்குப் பிடித்த ஒருவரின் முகத்தை வரைந்து பாருங்கள். மூக்கா கண்ணா எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டிவரும்போது பழைய கேம்களின் மேல் மரியாதை தானாக வரும். இன்னும் நேரடியான சான்று வேண்டுமென்றால், ஜெர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த ஸ்லோ பிரதர்ஸ் குழு 2024இல் வெளியிட்ட 'ஹரோல்ட் ஹாலிபட்'. அதிலுள்ள பொம்மைகளையும் அறைகளையும் கையால் செய்து, பிறகு கணினிக்குள் ஏற்றினார்கள். அதற்குப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

தமிழ் வாசகருக்கு இவற்றைவிட நெருக்கமான உதாரணம் 'வெண்பா'. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட இந்தச் சிறிய கேம், 1988இல் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு வழியில் சிதைந்துவிடுகிறது. எழுத்து அழிந்த இடங்களை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி போகும், புட்டுக் குழாயில் மாவும் தேங்காய்த் துருவலும் எந்த வரிசையில் விழ வேண்டும் என்று பொருளின் போக்கை யோசித்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். பின்னால் ஒலிக்கும் பாட்டுகள் அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் பாணியில் புதிதாக அமைத்தவை. கைவேலை, பழைய சினிமா, கேம் மூன்றும் ஓரிடத்தில் கூடும் படைப்பு இது. 2024இல் சுயாதீன கேம்களுக்கான விழாவின் பெரும்பரிசையும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். முடித்த கையோடு அதில் வரும் ஒரு பண்டத்தையாவது அடுப்பில் செய்யாமல் விடாதீர்கள்.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று பழமொழியே இருக்கிறதே, மூன்றையும் தொட்டால் மூன்றும் அரைகுறையாகாதா என்று கேட்கலாம். மூன்றும் தனித்தனியாகக் கிடக்கும்வரை இந்த எச்சரிக்கை முற்றிலும் சரி. நான் சொல்வது மூன்று மரம் அல்ல. ஒரே பழக்கத்தை, அதாவது செய்தவரின் கையைத் தேடும் பழக்கத்தை, மூன்று இடங்களில் பயில்வது. இன்னொரு கேள்வி இதைவிட வலுவானது. சமைக்கத் தெரியாதவர் ருசி சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். கயிறு திரிக்காமலே 'செம்மீன்' படத்தில் மனம் கரைந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்; அவர்களுடைய ரசனையில் குறை ஏதும் இல்லை. ஆனால் இந்த அத்தியாயம் ஏற்கனவே ரசிப்பவர்களுக்காக, இன்னும் ஆழமாக இறங்க விரும்பி வழி தெரியாமல் படங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்காக எழுதப்படுவது. நூறாவது படத்தைத் தேடுவதைவிட, பார்த்த பத்துப் படங்களைக் கைப்பழக்கத்தோடு திரும்பப் பார்ப்பதில் கிடைப்பது அதிகம்.

மூன்றாவது மறுப்பு மனச்சாட்சியைத் தொடுவது. இதை அவசரமாகத் தாண்டிப்போகக் கூடாது. கயிறு திரிக்கும் பெண்களுக்கு அது வயிற்றுப்பாடு. குறைந்த கூலிக்குத் தலைமுறைகளாக முதுகு வளைந்தவர்கள் இந்தத் தொழிலில் பெரும்பாலும் பெண்களே. நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்குப் பிழைப்பு என்றால், நாம் போய் உட்காருவது விளையாட்டுத்தனம் ஆகிவிடாதா? அப்படி ஆகவும் கூடும். எப்படிப் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. கற்றுக்கொடுப்பவரின் நேரத்துக்குக் கூலி உண்டு என்பதை முன்கூட்டியே பேசி, கேட்டதைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். சேச்சி என்று கூப்பிடுங்கள், மூத்தவராக இருந்தால் அம்மச்சி. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடுத்ததை எங்கே போடப்போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். நீங்கள் திரித்த கோணல் கயிற்றை நினைவுக்கு எடுத்துக்கொண்டு, அவர்கள் திரித்ததை விலை கொடுத்து வாங்குங்கள். சுற்றுலாவுக்காகக் காட்டுவது நிஜ வேலை ஆகுமா என்றும் சிலர் கேட்பார்கள். காட்டுவதற்காகத் திரித்தாலும் முறுக்குத் தவறினால் கயிறு அவிழத்தான் செய்யும். வேற்றாள் கற்பது வீண் அல்ல என்பதற்கு மட்டாஞ்சேரி யூதத் தெருவிலேயே சான்று உண்டு. அங்கே எம்பிராய்டரிக் கடை வைத்திருந்த யூதரான சாரா கோஹன் 2019இல் காலமானார். அவருக்குப் பிறகும் கடையைப் பேணியவர் பக்கத்தில் வளர்ந்த ஒரு முஸ்லிம் நண்பர், தாஹா இப்ராஹிம்.

கையால் செய்யப் பழகியவரிடம் பாதுகாக்கும் அக்கறையும் வளர்கிறது. இந்த ஆசைகளுக்கு இன்று அவசரமாக வேண்டியதும் அதுதான். இந்தியாவில் எடுக்கப்பட்ட 1,300க்கு மேற்பட்ட மௌனப் படங்களில் எஞ்சியவை முப்பதுக்குள் அடங்கும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த முதல் மலையாளப் பேசும் படம் 'பாலன்' (1938) இன்று இல்லை. 1933இன் 'மார்த்தாண்ட வர்மா' பிழைத்ததோ ஒரு வழக்கால். படத்துக்கு மூலமான நாவலின் பதிப்பாளரான கமலாலயா புக் டிப்போ உரிமை கோரி வழக்குத் தொடுக்க, படச்சுருள் அவர்கள் கிடங்கிலேயே தங்கி, 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கைக்குப் போயிற்று. கேம்களின் நிலையும் இதேதான். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியானவற்றில் 87 சதவிகிதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023இல் அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஆய்ந்து சொன்னது. தமிழில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற ஒரு தனி மனிதர், புகைப்பட ஆசையில் தொடங்கி, படங்களையும் தகவல்களையும் சேர்த்துவைத்திராவிட்டால் நம் திரை வரலாற்றின் பல பக்கங்கள் வெறுமையாகத்தான் இருந்திருக்கும். ஆகவே உங்கள் வீட்டிலுள்ளதைக் கவனியுங்கள். கொச்சியிலும் நம் கடற்கரை ஊர்களிலும் ஈரப்பதம்தான் முதல் எதிரி. வட்டுகளையும் கேசட்டுகளையும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் செங்குத்தாக நிறுத்துங்கள். படச்சுருள் எதுவும் இருந்து, திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவையுங்கள். 90களில் நம் வீடுகளில் புழங்கிய 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' கேம் பெட்டிகளின் கேசட்டை வாயால் ஊதும் பழக்கத்தை விடுங்கள். எச்சில் ஈரம் செம்புத் தகட்டை அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தால் போதும். ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியுள்ள பழைய கேசட்டுகளுக்குள் ஒரு சிறு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் பற்றவைத்து மாற்ற வேண்டும். அந்தப் பற்றவைப்பையும் ஒரு கைவேலையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கும்பளங்கிக்குப் பிறகு அடுத்த பயணமாக வடக்கே பறவூர்ப் பக்கம் சேந்தமங்கலத்தை வையுங்கள். 2018 வெள்ளத்தில் அந்த ஊரின் கைத்தறித் துணிகள் சேற்றில் ஊறிக் கறைபட்டு விற்க முடியாமல் போனபோது, அவற்றைக் கழுவி, வெட்டி, முடிச்சிட்டுச் 'சேக்குட்டி' என்ற பொம்மைகளாக்கினார்கள். அப்போது சுமார் 1,300 ரூபாய்க்கு விற்ற ஒரு சேலையிலிருந்து 360 பொம்மை. ஒன்று அன்றைய விலையில் 25 ரூபாய் என்றால் 9,000 ரூபாய். வெட்டுவதும் முடிச்சிடுவதும் பள்ளிப் பிள்ளைகூட அரைமணியில் பழகிக்கொள்ளும் அளவுக்கு எளிது. தறியில் பாவு ஓட்டுவதும் ஊடு கோப்பதும் அவ்வளவு எளிதல்ல. அதை அருகே நின்று பார்ப்பதற்குத் தறி ஓடும் வேலைநாளாகத் தேர்ந்தெடுத்து, காலையிலேயே போய்ச் சேருங்கள்.